பழைய கச்சேரி கேசட்டுக்கு எக்ஸைட்டர், ரொம்ப நாள் யூஸ் பண்ணினதுல தெரிஞ்சது

மயிலாப்பூர்ல பெரியப்பா வீட்டு பரண்லேந்து எறக்கின கச்சேரி கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கு. எல்லாமே சபாவுல உக்காந்து டேப் பண்ணினது, மந்தமா போர்வைக்குள்ளேந்து பாடுற மாதிரி கேக்கும். அதுக்குத்தான் ரீப்பர்ன்ற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எக்ஸைட்டர்னு ஒரு பிளகின், அதாவது மந்தமான சத்தத்துக்கு பளபளப்பு குடுக்கிற ஒரு கூடுதல் புரோகிராம், வச்சிருக்கேன்.

ஈக்யூல (ஈக்வலைசர்ல) ட்ரெபிளை, அதாவது மேல்பகுதி சத்தத்தை, ஏத்தினா போதாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஈக்யூ இருக்கிறதைத்தான் தூக்கும், கேசட்ல மேல இருக்கிறது பாதி ஹிஸ், அப்ப அந்த உஸ்ஸுன்ற சத்தம்தான் முன்னாடி வந்து நிக்கும். எக்ஸைட்டர் மேல்பகுதியை மட்டும் தனியா பிரிச்சு லேசா டிஸ்டார்ட் பண்ணி, 3 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கிற சத்தத்துக்கு 6, 9ன்னு அதோட மடங்குல புதுசா ஹார்மானிக்ஸ் போட்டு ஒரிஜினலோட கலக்குது. 1975ல ஆஃபெக்ஸ் கம்பெனி இந்த பெட்டியை கொண்டு வந்தப்ப விக்கவே இல்ல, வாடகைக்குத்தான், முடிஞ்ச பாட்டுக்கு நிமிஷத்துக்கு 30 டாலர்! இப்ப ஃப்ரீ பிளகினே கிடைக்குது.

ஆனா பிளகினுக்கு முன்னாடி கேசட் டெக்கை பாருங்க. டேப்பை படிக்கிற ஹெட் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், ஹெட்டோட சாய்வை சரி பண்ற அசிமத் ஸ்க்ரூ, கேசட் ஓடிட்டிருக்கும்போதே அதை இம்மி இம்மியா திருப்பினா ஒரு இடத்துல ஜால்ரா டக்குன்னு தெளிஞ்சு வரும். சில டேப்புக்கு அதோட வேலை முடிஞ்சுது, எக்ஸைட்டரே வேணாம்.

வேணும்னா, ஹிஸ்ஸை முதல்ல லேசா கொறச்சிட்டு அப்புறம் போடுங்க, இல்லன்னா ஹிஸ்ஸுக்கும் சேர்த்து ஹார்மானிக்ஸ் போட்டுடும். நான் 3 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல மட்டும் விடுவேன், மிக்ஸ், அதாவது ஒரிஜினலோட கலக்குற அளவு, 10 சதவீதம் தாண்டாது. வீணைக்கு மீட்டு நல்லா தெரியுது, மிருதங்கத்துல வலந்தலை சாப்பு ஜம்முன்னு வருது, ஆனா வயலினும் குரலும் ஒண்ணா மேல் ஷட்ஜத்துல நிக்குற இடத்துல கரகரன்னு ஆகும், ஏன்னா ரெண்டு சத்தம் சேர்ந்து போனா ரெண்டுக்கும் சம்பந்தமில்லாத சுரமும் உள்ள பொறக்குது, சபா டேப்ல குரலை தனியா பிரிக்கவும் முடியாது. சாஹித்யத்துல ஸ, ஷ வர்ற இடமெல்லாம் காதுல குத்தினா அந்த உரசல் சத்தத்தை மட்டும் அமுக்குற டீ-எஸ்ஸர் பிளகின் போட்டே ஆகணும்.

பிளகின்ல ஓவர்சாம்ப்ளிங், அதாவது உள்ளுக்குள்ள இன்னும் அதிக சாம்பிள் ரேட்ல கணக்கு போடுற வசதி, ஆன்ல இருக்கட்டும். ஃபைலோட சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ்னா அதுல பாதி, 22 வரைக்கும்தான் அடங்கும். 8 கிலோஹெர்ட்ஸோட மூணாவது மடங்கு 24, அது அடங்காம மடங்கி 20 பக்கம் வந்து விழும், அதே கணக்குல இன்னும் மேல இருக்கிற மடங்கெல்லாம் காதுக்கு நல்லாவே கேக்குற இடத்துல வந்து குப்பையா உக்காரும். லேப்டாப் ஃபேன் கத்தும், கத்தட்டும்.

பிளகின் ஆன் ஆஃப் பண்ணி பாக்குறப்ப ரெண்டு சத்த அளவும் ஒண்ணா இருக்கணும், ஏன்னா எதுல சத்தம் ஜாஸ்தியோ அதுதான் காதுக்கு நல்லா இருக்கிற மாதிரி தோணும். நான் எப்பவும் ராத்திரி முடிச்சதை காலைல ஒரு தடவை கேட்டுட்டுதான் சேவ் பண்ணுவேன், அரை மணி நேரம் கேட்டா காது அந்த பளபளப்புக்கு பழகிடும், இன்னும் கொஞ்சம்னு கை தானா போகும். பெரியப்பாவுக்கு எண்பதுக்கு மேல ஆச்சு, அவருக்கு போட்டு காமிச்சா "பாட்டு தெளிவா இருக்கு, ஜால்ராவை ஏண்டா இப்படி தட்டறான்"னாரு, மிக்ஸை பாதியா கொறச்சேன்.

நாகஸ்வர டேப் பக்கம் மட்டும் இதை கொண்டு போறதே இல்ல, அதுல ஹார்மானிக்ஸ் ஏற்கனவே கொட்டிக் கிடக்கு. கடைசியா, குறைஞ்ச பிட்ரேட் எம்பி3 ஆக்கினா இவ்ளோ பாடுபட்டு போட்ட மேல்பகுதியைத்தான் முதல்ல வெட்டும், அதனால பெரியப்பாவுக்கு பென்டிரைவ்ல எதையும் வெட்டாத வேவ் (WAV) ஃபைலாவே குடுத்துடறேன்.