அணிலைத் தடுக்க ஜி.ஐ. வலையா, எஸ்.எஸ். வலையா?

குமரி மாவட்டத்தில் தென்னையோ மாவோ சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாவோ நிற்காத வீட்டு வளவு குறைவு. அதனால் அணில் வராத வீடும் குறைவு. பழத்தைக் கடித்துவிட்டுப் போனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாய், இன்டர்நெட் கேபிள், ஸ்கூட்டர் சீட், துணி காயப்போடும் கொடி என்று கொறிக்கத் தொடங்கும்போதுதான் ஹார்டுவேர் கடைக்கு ஓடுகிறோம்.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடல்காற்று நேராக வந்து அடிக்கும் இடம். அடுக்களையை ஒட்டிய பின் வராந்தாவை அடைக்க எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போட்டேன். அத்தான் வீடு திருவட்டார் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். அங்கே ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை. நான் கொடுத்த விலையைக் கேட்டுவிட்டு, "மாப்ள, அணிலுக்குப் பயந்து வெள்ளியில கூடு கட்டுதியா?" என்றார். இரண்டு வீட்டிலும் அணில் வருவது நின்றுவிட்டது. வலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதில்தான் வித்தியாசம்.

மற்ற வழிகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். நைலான் வலை மலிவு, கட்டுவதும் சுலபம். ஆனால் அணிலின் முன்பற்கள் சாகும்வரை வளர்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். நைலானும் பிளாஸ்டிக் கொசுவலையும் அந்தப் பல்லுக்கு ஒரு பொருட்டே அல்ல. தரையில் தொய்ந்து கிடக்கும் நைலானில் சாரைப்பாம்பு சிக்கினால் அது தனிப் பாடு.

காந்தாரி மிளகை, அதாவது அந்தச் சின்னக் காரமிளகாயை அரைத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது நம் ஊர் வைத்தியம். அந்த எரிச்சல் பாலூட்டிகளுக்குத்தான், பறவைகளுக்கு உறைக்காது என்பதால் மைனாவுக்கும் குயிலுக்கும் தொல்லையில்லை. தெளித்த அன்று அணில் கிட்டே வராது, உண்மைதான். ஆனால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, ஏப்ரல், மேயில் கோடைமழை என்று இரண்டு பக்கமும் நனைகிற மாவட்டம் இது. ஒவ்வொரு மழைக்கும் அம்மியை எடுக்க யாரால் முடியும்? ஸ்கூட்டர் சீட்டில் தெளித்துவிட்டு மறந்து உட்கார்ந்தவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது கொண்டுவிட்டால் காலியான மரத்துக்குப் பக்கத்து மரத்து அணில் வந்துவிடும். பிடிபட்டது தாய் அணில் என்றால் கூட்டில் இரண்டு மூன்று குட்டிகள் பட்டினி கிடக்கும். அவை பால் மறக்கவே பத்து வாரம் ஆகும். எலி விஷம் பேச்சுக்கே வேண்டாம். விஷம் தின்றதைப் பிடித்துத் தின்னும் பூனையும் கூகையும் கூடவே போகும்.

சரி, வலைக்கு வருவோம். எந்த உலோகமானாலும் கண் அரை இஞ்சுக்கு மேல் வேண்டாம். ஒரு இஞ்ச் கண்ணில் பெரிய அணில் தயங்கினாலும் குட்டி தயங்காது. கம்பியின் பருமன், விறைப்பு எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது பராமரிப்பை.

ஜி.ஐ. வலை என்பது இரும்புக் கம்பியின் மேல் துத்தநாகப் பூச்சு. கடல் உப்பு அந்தப் பூச்சைத் தின்று முடித்ததும் இரும்பைத் தொடும். முதலில் போவது கம்பிகள் குறுக்கே சேரும் பற்றவைப்புப் புள்ளிகள். பக்கத்து வீட்டு ஜி.ஐ. வலையை மதில் மேலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கம்பி இன்னும் சாம்பல் நிறம்தான், ஆனால் ஒவ்வொரு மூலையிலும் கடுகளவு செம்புள்ளி. கை வைத்தால் விரலில் ஒட்டுகிறது. அதற்கு ஒரே வழி சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் அடிப்பது. அரை இஞ்ச் கண்ணுள்ள வலைக்குப் பிரஷ்ஷால் பெயின்ட் அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். பாதி பெயின்ட் தரைக்கு, மீதி சட்டைக்கு. அதையும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யவேண்டும். ஜி.ஐ.தான் வேண்டும் என்றால், பற்றவைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலையா என்று கேட்டு வாங்குங்கள். பூசிய கம்பியை வாங்கிப் பற்றவைத்திருந்தால் அந்தப் புள்ளிகளில் பூச்சே இருக்காது.

எஸ்.எஸ். துருவே பிடிக்காது என்று விற்பார்கள். அப்படியில்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகத்தில் உப்புக்காற்று பட்டால் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு படியும். வேடிக்கை என்னவென்றால், மழை படும் பக்கம் சுத்தமாக இருக்கிறது. கூரைக்கு அடியில் நனையாத பக்கத்தில்தான் உப்பு தங்கிக் கறை ஏறுகிறது. ஆனால் அது மேல்கறை. அவ்வப்போது ஹோஸைப் பிடித்து நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டால் பெரும்பாலும் படியாது. பிரைமர் வேண்டாம், பெயின்ட் வேண்டாம், ஆளைத் தேடிக் கூப்பிடவும் வேண்டாம். ஜி.ஐ.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தேன். கடலோரத்தில் அந்தக் காசு இந்தத் தொல்லையின்மைக்குத்தான். என்றாவது கழற்றினாலும் பழைய இரும்புக் கடையில் எஸ்.எஸ்.ஸுக்குக் கேட்கும்படியான விலை உண்டு.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். எஸ்.எஸ். வலையைச் சாதாரணக் கட்டுக்கம்பியால் கட்டவிடாதீர்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் மட்டமான கம்பி இன்னும் வேகமாக அரித்துப்போகும். வலை புதிதாக இருக்கும், கட்டு அறுந்து தொங்கும். ஆசாரி அயனி மரத்தில் சட்டம் செய்து எஸ்.எஸ். திருகாணி போட்டுக் கொடுத்தார். வள்ளம் கட்டப் பயன்பட்ட மரம், ஈரத்துக்குப் பயமில்லை. சட்டமாக இருப்பதால் தனியாகக் கழற்றி முற்றத்தில் வைத்துக் கழுவவும் முடிகிறது.

316 என்று இன்னொரு ரகம் உண்டு. மாலிப்டினம் சேர்ந்தது, கடல் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். நான் போட்டதில்லை, விலை அதிகம். முட்டம், குளச்சல் போல அலைச்சாரலே வந்து விழும் இடத்தில் வீடு என்றால் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆனால் திருவட்டார், குலசேகரம் பக்கம் எஸ்.எஸ். தேவையே இல்லை என்பது என் எண்ணம். அத்தான் வீட்டு ஜி.ஐ. கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கோழிக்கூட்டையும் சேர்த்துப் பெரிதாக அடைக்கிறவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

வலைக்குள் அடங்காதது ஸ்கூட்டர். சீட்டின் ரெக்சினைக் கிழித்து ஸ்பாஞ்சைப் பிய்ப்பது பெரும்பாலும் கூட்டுக்குத்தான். மாமரக் கவட்டையில் ஒரு கொத்துத் தேங்காய் நார்த் தும்பைச் செருகி வைத்தேன். அதை இழுத்துக்கொண்டு போகிறது, சீட்டை இப்போதைக்கு விட்டிருக்கிறது. தும்பால்தான் விட்டதா, வண்டியை மரத்தடியிலிருந்து தள்ளி நிறுத்தியதால் விட்டதா என்று கேட்டால், இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தேன் என்பதுதான் பதில்.