ஆள் போனால் ஃபைலும் போகுமா? ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், ஆபீஸ் நாஸ்: கரூரிலிருந்து ஓர் அலசல்

எங்களுடையது படுக்கை விரிப்பு, சமையலறை டவல், ஏப்ரன் ஏற்றுமதி செய்யும் கரூர்க் கம்பெனி. அலுவலகம் செங்குந்தபுரத்தில், தையல் யூனிட் வெங்கமேட்டில். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் 14 பேர். சமீப காலம் வரை ஃபைல் பரிமாற்றம் என்றால் வாட்ஸப், மெயில், பென் டிரைவ். ‘காஸ்டிங் ஃபைனல்’, ‘காஸ்டிங் ஃபைனல் 2’, ‘காஸ்டிங் லேட்டஸ்ட் ஃபைனல்’ என்று ஒரே ஷீட் மூன்று சிஸ்டத்தில் மூன்று விலையோடு கிடக்கும். பையருக்கு எந்த விலை போனது என்பதை மெயிலைத் தோண்டித்தான் கண்டுபிடிப்போம்.

அதுகூடப் பழகிப்போயிருந்தது. எங்களை உலுக்கியது வேறு. ஒரு மெர்ச்சண்டைசர், அதாவது பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிறவர், வேலையை விட்டுப் போனார். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை, சம்பளம் கூடக் கிடைத்தது, போனார். இரண்டு வருடத்து ஆர்ட்வொர்க், அளவு விவரம் எழுதிய ஸ்பெக் ஷீட், பையர் ஒப்புதல் எல்லாம் அவருடைய சொந்த மெயில் ஐடியில் எடுத்த ஓர் இலவசக் கணக்கில் இருந்தன. எங்களுக்கு ஷேர் பண்ணியிருந்ததால் அது யாருக்கும் உறைக்கவே இல்லை. போனவர், தன் கணக்கில் இடம் நிறைந்துவிட்டதென்று பழசையெல்லாம் அழித்திருக்கிறார். இங்கே அந்த ஃபோல்டரை யாரும் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ரிப்பீட் ஆர்டர் வந்தபோது திறந்தால் காலி. போன் போட்டேன். “உங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும்னு நெனச்சனுங்கண்ணா” என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பழைய சாம்பிள் டவலை மேசையில் விரித்து, டேப் வைத்து அளந்து, ஸ்பெக்கை மறுபடி எழுதினோம்.

அப்புறம்தான் உட்கார்ந்து மூன்றை எடைபோட்டோம்: ஆபீஸிலேயே வைத்து, எல்லாரும் நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டியான நாஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸோடு வரும் டிரைவ், மைக்ரோசாஃப்ட் 365ஓடு வரும் ஒன்டிரைவும் (ஆளுக்கொரு தனி இடம்) ஷேர்பாயிண்டும் (கம்பெனிக்குப் பொது இடம்). எடுத்தது மூன்றாவதை. அதனால் இதில் என் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலாளிக்குப் பிடித்தது நாஸ். ஒரு தடவை காசைப் போட்டால் முடிந்தது, மாதாமாதம் சந்தா இல்லை. பெரிய ஃபோட்டோஷாப் ஃபைலைத் திறக்க இன்டர்நெட்டும் வேண்டாம். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கை எழுதும் ரெய்டு 1 போட்டால் ஒன்று செத்தாலும் மற்றொன்று நிற்கும். ஆனால் கை தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தேதான் அழியும். அதற்கு யூபிஎஸ், வெங்கமேட்டிலிருந்து இன்டர்நெட் வழியாகப் பாதுகாப்பாக எட்டுவதற்கு விபிஎன், வைரஸ் வராமல் அப்டேட், இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள். 14 பேர் கம்பெனியில் அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிராப்பாக்ஸையும் ஒரு பார்வை பார்த்தோம். சின்க் மட்டும், அதாவது எல்லாச் சிஸ்டத்திலும் ஃபைலை ஒன்றுபோல வைப்பது மட்டும் என்றால் கெட்டிக்காரச் சாமான். ஃபைலை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் ஏற்றும். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் சிஸ்டங்கள் தங்களுக்குள்ளேயே நேராகப் பரிமாறிக்கொள்ளும். டிசைன் ஸ்டூடியோ நடத்துகிறவர்களுக்கு ஒத்துவரும். எங்களுக்கு மெயிலும் எக்செலும் சேர்த்தே தேவைப்பட்டது. சோஹோ வொர்க்டிரைவில் டீம் ஃபோல்டர் என்ற ஏற்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு வாரம் தொட்டுப் பார்த்ததோடு சரி. அதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

கூகுள் டிரைவ் லேசில் தோற்கவில்லை. தேடுவது, போனில் திறப்பது, லிங்க் அனுப்புவது எதையும் யூனிட் சூப்பர்வைசருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடையூறு எங்கள் காஸ்டிங் ஷீட். நூல் விலையை ஓரிடத்தில் மாற்றினால் நெசவுக் கூலி, சாயக் கூலி, தையல், பேக்கிங் என்று கடைசி டாலர் விலை வரை ஓடும் மேக்ரோ எக்செல் அது. கூகுள் ஷீட்டில் அந்த மேக்ரோ ஓடாது. ஷேர்பாயிண்டில் வைத்தால் இரண்டு பேர் தங்கள் சிஸ்டத்து எக்செலிலேயே ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், அடுத்தவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதும் தெரியும். இன்னொன்று, கூகுள் ஷீட்டாகவே உருவாக்கியவை சிஸ்டத்து ஃபோல்டரில் வெறும் சுட்டியாகத்தான் கிடக்கும். அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் உள்ளே சரக்கு இருக்காது. இடக் கணக்கும் உதைத்தது. சாம்பிள் போட்டோக்களோடு எங்களிடம் 600 ஜிபி. கூகுளின் ஸ்டார்ட்டர் திட்டத்தில் தலைக்கு 30 ஜிபி, 14 பேருக்கு 420தான். மைக்ரோசாஃப்டின் பேசிக் திட்டத்திலேயே ஒன்டிரைவில் தலைக்கு 1 டிபி, ஷேர்பாயிண்டில் கம்பெனிக்கு மொத்தமாக 1 டிபியும் தலைக்கு 10 ஜிபியும். அதில் எக்செல் பிரவுசரிலும் மொபைலிலும் மட்டும்தான் என்பதால், காஸ்டிங், டாக்குமெண்டேஷன் ஆட்களுக்கு மட்டும் ஸ்டாண்டர்டு எடுத்தோம்.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். நான் முட்டி மோதியது ஒரே கேள்வியில்: ஃபைல் யார் பேரில் இருக்கிறது, போனால் எத்தனை நாளுக்குள் திரும்ப எடுக்கலாம்?

கம்பெனிக் கணக்கு வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தீரவில்லை. ஒன்டிரைவ் என்பது அந்தந்த ஆளின் மேசை டிராயர் மாதிரி. ஆளின் கணக்கை நீக்கினால், நாம் எதுவும் மாற்றாதவரை, 30 நாள்தான் அந்த டிராயர் நிற்கும். ஷேர்பாயிண்ட் லைப்ரரி கம்பெனியின் பீரோ. யார் வந்தாலும் போனாலும் அங்கேயே இருக்கும். கூகுளிலும் இதே பிரிவினை உண்டு, மை டிரைவ், ஷேர்டு டிரைவ் என்று. கணக்கை நீக்கினால் 20 நாளுக்குள் மீட்கலாம், நீக்கும் முன்பே ஃபைல்களை வேறொருவர் பேருக்கு மாற்றலாம். ஆக, பேர் விஷயத்தில் இரண்டும் சமம்.

வித்தியாசம் குப்பைக்கூடையில். கூகுளில் அழித்தது 30 நாள் இருக்கும். அதன்பின் அட்மின் நினைத்தால் இன்னும் 25 நாளுக்குள் மீட்கலாம். கூட்டினால் 55. ஷேர்பாயிண்டில் 93 நாள். எங்களுக்குத் தெரிய வந்ததோ இரண்டு மாதம் கழித்து. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் முதலாளி வேறெதுவும் கேட்கவில்லை. தினமும் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிற தொழிலுக்கு இது பெரிய விஷயமே இல்லை. சீசனுக்குச் சீசன் ரிப்பீட் வரும் தொழிலுக்கு இது உயிர்.

பழக்கப்படுத்துவதும் சுலபமாக இருந்தது. லைப்ரரியை சின்க் பண்ணினால் விண்டோஸில் இடப்பக்கம் கம்பெனிப் பெயரோடு ஒரு கட்டடப் படம் வரும்; சொந்த ஒன்டிரைவுக்கு மேகப் படம். “பில்டிங்குல வைங்க, மேகத்துல வைக்காதீங்க” என்ற ஒரே வரிதான் நான் நடத்திய பயிற்சி.

முதல் மாதமே சோதனையும் வந்தது. டாக்குமெண்டேஷன் பார்க்கும் பெண், சிஸ்டத்தில் இடம் குறைகிறதென்று பழைய சீசன் ஃபோல்டர் ஒன்றை டெலிட் பண்ணிவிட்டார். எல்லார் சிஸ்டத்திலும் அது காணாமல் போனது. “கிளவுடுல இருக்கும்னு நெனச்சு அழிச்சுப்போட்டனுங்கண்ணா” என்று முகம் வெளுத்து நின்றார். பிரவுசரில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து, டிக் அடித்து, ரிஸ்டோர் கொடுத்தோம். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. இடம் வேண்டுமென்றால் வலது கிளிக் பண்ணி ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு எல்லாரும் கற்றுக்கொண்டோம். பச்சை டிக் நீல மேகமாக மாறும். ஃபைல் கிளவுடில் இருக்கும், சிஸ்டத்தில் இடம் பிடிக்காது.

குறை இல்லாமல் இல்லை. பையர், சீசன், ஆர்டர், ஸ்டைல், சாம்பிள் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடும் வியாதி எங்களுக்கு உண்டு. ஷேர்பாயிண்டில் பாதையின் நீளம் 400 எழுத்தைத் தாண்டக் கூடாது. எக்செல் அதைவிடக் கறார், 218க்கு மேல் போனால் ஃபைலையே திறக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெயர்களைச் சுருக்கினேன். ஃபோட்டோஷாப் ஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் சிஸ்டத்தின் பெயர் ஒட்டிய இரண்டாம் காப்பி முளைக்கும். ஆகவே ஆர்ட்வொர்க்குக்கு ஒரு ஸ்டைலுக்கு ஓர் ஆள் என்று பிரித்துவிட்டோம். தூத்துக்குடி கிளியரிங் ஏஜெண்டுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் ஃபோல்டரை மட்டும், அதுவும் காலாவதித் தேதி போட்ட லிங்கில்தான் கொடுக்கிறோம். நூறு பேருக்கு மேல் உள்ள கம்பெனியில் இதே ஏற்பாடு எப்படித் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சின்க் வேறு, பேக்கப் வேறு என்பதால் சனிக்கிழமைதோறும் லைப்ரரி முழுவதையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கிறோம். அதை ஆபீஸில் வைத்தால் நானே மறந்துவிடுவேன் என்று முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். நாஸ் வாங்காத கோபம் இன்னும் இருக்கிறது போல. “இதுக்கு மாசச் சந்தா இல்லீங்க” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிட்டுத்தான் பையில் போடுகிறார்.