ஆர்க்பார்ஸில் துணைக்கட்டளை அடுக்குகள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காப்புப்பிரதி எடுப்பதற்கான ஒரு கட்டளை வரிக் கருவியைப் கட்டளை வரியில் தட்டுவதைப் படித்துப் பிரித்துத் தரும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் தொகுதியைக் கொண்டு எழுதி ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கருவியின் பெயருக்குப் பின் தட்டும் செயற்சொற்களான துணைக்கட்டளைகள் மூன்றோடு தொடங்கிய அது, இன்று 'பேக்கப் ரிமோட் டெலீட்' என்பது போல இரண்டு அடுக்குகளாக வளர்ந்திருக்கிறது. துணைக்கட்டளைகளைப் பிரிப்பது எளிது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஆப்ஷன்களை (கட்டளையின் நடத்தையை மாற்றும் தேர்வுகளை) எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான வடிவமைப்புச் சிக்கல்.

எதையும் அழிக்காமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் 'ட்ரை-ரன்' ஆப்ஷனைப் பயனர் எந்த இடத்தில் தட்டினாலும் ஏற்க வேண்டும் என்று எண்ணி, ஒரு பார்சரின் ஆப்ஷன்களை மற்றவற்றுக்கும் தரும் பேரன்ட்ஸ் வழியாக, முழுக் கட்டளையைப் படிக்கும் மேல் பார்சரிலும் ஒவ்வொரு துணைக்கட்டளைக்கும் உரிய துணைப் பார்சர்களிலும் சேர்த்திருந்தேன். ஒருநாள் அதை 'ரிமோட்' என்ற சொல்லுக்கு முன்னால் கொடுத்துவிட்டு 'டெலீட்' தந்தேன். கோப்புகள் உண்மையாகவே அழிந்தன. துணைப் பார்சர் தனக்கென ஒரு புதிய நேம்ஸ்பேஸை (படித்த மதிப்புகளை வைக்கும் பொருளை) நிரப்பி, அதிலுள்ள மதிப்புகளை மேலுள்ளதன்மீது எழுதுவதால், மேலே பதிவான 'ஆம்' என்பதைக் கீழே ஆப்ஷன் தராதபோது எடுத்துக்கொள்ளும் டீஃபால்ட் மதிப்பான 'இல்லை' அழித்துவிடுகிறது. அன்று முதல் பொது ஆப்ஷன்களின் டீஃபால்ட் எல்லாவற்றையும் சப்ரெஸ் (ஆப்ஷன் தரப்படாவிட்டால் எதையும் பதியாதே) என்று வைத்து, தொடக்க மதிப்புகளை, படிக்கும் வேலையைத் தொடங்கும் பார்ஸ்_ஆர்க்ஸுக்குத் தரும் நேம்ஸ்பேஸிலேயே நிரப்பிவிடுகிறேன். இரண்டு இடங்களிலும் அந்த ஆப்ஷனைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை இல்லாமல் எந்தத் துணைக்கட்டளையையும் இப்போது சேர்ப்பதில்லை.

தட்டிய துணைக்கட்டளை எந்தப் பெயரில் பதிவாக வேண்டும் என்று சொல்லும் 'dest' அடுக்குக்கு அடுக்கு வேறாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. ஒரே பெயரை வைத்தால் உள்ளடுக்கின் மதிப்பே மிஞ்சும். வெறும் 'பேக்கப் ரிமோட்' என்று தட்டினால் பிழைச்செய்தி வர, துணைக்கட்டளையைக் கட்டாயமாக்க பைத்தான் 3.7 பதிப்பில் வந்த ரிக்கொயர்டு போதும்.

ஆப்ஷன் பெயரின் முன்பகுதியை மட்டும் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் வசதியை நான் விரும்புவதில்லை. 'கம்ப்ரெஸ்' என்பதை 'கம்ப்' என்று சுருக்கி எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று, பின்னாளில் 'கம்பேர்' என்ற ஆப்ஷனைச் சேர்த்ததும் எது என்று புரியாத பிழையோடு 2 என்ற வெளியேற்றக் குறியீட்டைத் தந்து நின்றது. 3.5 பதிப்பு முதல் அலவ்_அப்ரெவ் கொண்டு இதை அணைக்கலாம். ஆனால் மேல் பார்சரில் அணைத்தது கீழே இறங்குவதில்லை என்பதால், ஒவ்வொரு துணைப் பார்சரிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.