கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: ஃபேக்ட் பட்டனுக்காகவே வாங்கலாம்

மகள் பொறியியல் முதலாண்டு சேர்ந்தபோது வாங்கிய கால்குலேட்டர். அவள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இது என் டியூஷன் மேஜைக்கு வந்துவிட்டது. சைன், காஸ், மேட்ரிக்ஸ் எல்லாம் பலரும் எழுதியாயிற்று. நான் ஃபேக்ட் என்ற ஒரு வசதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முழு எண்ணை அடித்து, சமக்குறி போட்டு, ஷிஃப்ட் அழுத்தி, பாகை-நிமிடம்-நொடி பட்டனைத் தட்டினால், அந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து அடுக்குகளோடு காட்டும். பத்து இலக்கம் வரைதான் எடுக்கும். இன்னொரு எல்லையும் உண்டு. 1009, 1013 இரண்டும் பகா எண்கள். அவற்றின் பெருக்கற்பலன் 1022117-ஐக் கொடுத்தால் பிரிக்காமல் அப்படியே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். அடைப்புக்குறி வந்தால் பகா எண் என்று முடிவு கட்டாதீர்கள். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

போன வாரம் ராமானுஜனின் 1915-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார். 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது. இப்படி 102 எண்கள், எல்லாம் கையால் போட்ட கணக்கு. கடைசி எண் 6746328388800. பதின்மூன்று இலக்கம், ஃபேக்டுக்குள் அடங்காது.

சரி, வகுத்துச் சிறிதாக்குவோம் என்று ஆளுக்கொரு பகா எண் சொன்னார்கள். "மிஸ், 23 போட்டுப் பாப்போமா?" என்றான் ஒருவன். திரையில் 2.933186256, பக்கத்தில் பத்தின் அடுக்கு 11. அதாவது 293318625600. கடைசி இரண்டு சுழியை எடுத்தால் சரியாகப் பத்து இலக்கம்! ஃபேக்ட் அழுத்தினோம். 2-க்கு அடுக்கு 4, 3-க்கு 4, 7-க்கு 2, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறை. எடுத்துவைத்த 100-ஐத் திருப்பிச் சேர்த்தால் 2-இன் அடுக்கு 6 ஆகும், 5-க்கு 2 வரும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5040 வகுத்திகள். 23-ஐயும் சேர்த்தால் 10080.

எனக்கு உடம்பு சிலிர்த்தது அதற்கு அப்புறம்தான். 293318625600 அந்த வரிசையில் வரவேண்டிய எண்ணேதான். ராமானுஜனின் பட்டியலில் விடுபட்டுப்போனது அது. 23 சொன்ன பையனிடமே பட்டியலின் நகலைக் கொடுத்தேன். அது வரவேண்டிய இடத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு வரிகளுக்கு நடுவே பென்சிலால் எழுதினான்.