2026 ஃபுட்பால் உலகக்கோப்பை டிக்கெட்: எங்க வாங்கினா பணத்துக்குப் பாதுகாப்பு?

ஜூன் 11 மெக்சிகோ சிட்டில ஆரம்பிச்சு ஜூலை 19 நியூஜெர்சில முடியுது, 48 டீம், 104 மேட்ச், அமெரிக்கா, கனடா, மெக்சிகோன்னு 3 நாடு. நம்ம ஆளுங்க நெறைய பேர் இருக்கற நியூஜெர்சி, டல்லாஸ், டொராண்டோ, சான் பிரான்சிஸ்கோ பக்கம் எல்லாத்துலயும் மேட்ச் இருக்கறதால எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் டிக்கெட் எங்க வாங்கறதுங்கற கேள்விதான். பதில் சொல்றவங்க எல்லாரும் எங்க விலை கம்மின்னு மட்டும் பாத்து சொல்றாங்க. நான் பாக்கறது வேற. அன்னிக்கு கேட்ல டிக்கெட் ஸ்கேன் ஆகலன்னா யார் சட்டையப் பிடிக்க முடியும்? அந்தக் கணக்குலதான் ஒவ்வொண்ணா எடுத்து சொல்றேன்.

முதல் இடம் உலகக்கோப்பையை நடத்தற சர்வதேச ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவோட சொந்த சைட், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. டிக்கெட் உங்க பேர்ல உள்ள அக்கவுண்டுக்கே வரும், நடுவுல ஆள் கிடையாது. குறைன்னா விலைதான். 2025 செப்டம்பர்ல அறிவிச்சப்ப 60 டாலர்ல இருந்து 6,730 டாலர் வரைக்கும்னு சொன்னாங்க, டிசம்பர்லயே ஃபைனலோட டாப் விலை 8,680க்கு போயிடுச்சு, டைனமிக் ப்ரைசிங்னு பேர் வச்சு டிமாண்ட் ஏற ஏற விலையையும் ஏத்தறாங்க. ரசிகர்கள் சத்தம் போட்டப்புறம்தான் எல்லா மேட்சுக்கும் 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கினாங்க, அதுவும் ஆடற நாட்டோட ஃபுட்பால் சங்கம் வழியா அவங்களோட நெடுநாள் ரசிகர்களுக்கு. சென்னைல உக்காந்து இருக்கறவருக்கு அது எட்டாது. அப்புறம் குலுக்கல், 2025 டிசம்பர்ல ஆரம்பிச்ச குலுக்கலுக்கு மட்டும் 50 கோடி டிக்கெட்டுக்கு மேல கேட்டு விண்ணப்பம் வந்துச்சுன்னு ஃபிஃபாவே சொன்னாங்க, அதனால கிடைக்கலன்னா மனசு விட வேணாம். கடைசி கட்ட விற்பனைல குலுக்கல் இல்ல, முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல.

ஆனா ஒண்ணு, அந்த சைட்டுக்கு கூகுள்ல தேடிப் போகாதீங்க. மேல விளம்பரமா வர்ற லிங்க்ல போய் மாட்டினவங்க உண்டு. நடுவுல கோடு போட்டு ஃபிஃபா, டிக்கெட், 2026ன்னு சேர்த்து எழுதியிருந்தா அது வேற யாரோட சைட்டோ. அட்ரஸை நீங்களே டைப் பண்ணுங்க, ஃபிஃபா டாட் காம், அதுல டிக்கெட் பக்கம், அவ்ளோதான்.

ரெண்டாவது, ஃபிஃபாவோட ரீசேல் மார்க்கெட், அதாவது வாங்கின டிக்கெட்டை ரசிகர்களே மறுபடி விக்கற இடம். இதைத்தான் நெறைய பேர் திட்டறாங்க, திட்டறதுல நியாயமும் இருக்கு. ஒருத்தர் தன் டிக்கெட்டை 1,000 டாலர்னு போட்டா வாங்கறவர் 1,150 கட்டணும், வித்தவர் கைக்கு 850தான் வரும், ரெண்டு பக்கமும் 15 சதவீதம் எடுத்து ஃபிஃபா 300 டாலர் பாக்குது. இதே ஃபிஃபா 2022 கத்தார்ல நடத்தினப்ப ரீசேல்ல வாங்கின விலைக்குதான் விக்கணும், கமிஷன் 5 சதவீதம் சொச்சம்தான். இப்ப மெக்சிகோவுல இருக்கறவங்களுக்கு வாங்கின விலைக்கு மேல வைக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு, அமெரிக்கா பக்கம் விக்கறவர் இஷ்டத்துக்கு விலை வைக்கலாம். சாதாரண ரசிகனை இப்படிப் பிழியறது எனக்கு கொஞ்சமும் பிடிக்கல. இருந்தும் இதை ரெண்டாவதா வைக்கறேன், ஏன்னா விக்கறவரோட அக்கவுண்டுல அந்த டிக்கெட் நிஜமா இருந்தாதான் இங்க லிஸ்ட் ஆகும், காசு கட்டினதும் சிஸ்டமே உங்க அக்கவுண்டுக்கு மாத்தி விட்டுடும், போலி டிக்கெட்டுக்கு இடமே இல்ல.

ஸ்டப்ஹப், வயாகோகோ, சீட்கீக் மாதிரி வெளி ரீசேல் கம்பெனிங்க மூணாவது. சில சமயம் ஃபிஃபா ரீசேலை விட இங்க மலிவாவே கிடைக்கும், அதை நான் மறுக்கல. பிரச்சனை என்னன்னா, கையில டிக்கெட்டே இல்லாம அப்புறம் வாங்கித் தந்துக்கலாம்னு லிஸ்ட் போடற ஆளுங்க இந்த மார்க்கெட்ல இருக்காங்க. வாங்கும்போது வரிசை நம்பர், சீட் நம்பர் எதுவும் இல்லாம வெறும் கேட்டகரி மட்டும் இருந்தா யோசிச்சு வாங்குங்க. டிக்கெட் வரலன்னா பணம் திரும்பத் தர்றோம்னு கேரண்டி இருக்குதான், சரி, ஆனா மேட்ச் அன்னிக்கு காலைல வரலன்னு தெரிஞ்சா டிக்கெட் காசு மட்டும்தானே திரும்பி வரும், ஃப்ளைட்டும் ஹோட்டலும் லீவும் போச்சு. 2018 ரஷ்யா உலகக்கோப்பைக்கு முன்னாடி ஃபிஃபா வயாகோகோ மேல ஜெனீவாவுல கிரிமினல் புகாரே கொடுத்திருந்தாங்க. அனுமதி இல்லாத இடத்துல வாங்கினதுன்னா டிக்கெட்டை ரத்து பண்றதுக்கும் ஃபிஃபா விதில வழி வச்சிருக்காங்க. ஸ்டேடியம் பக்கத்துலயே வீடு, மேட்ச் போனாலும் பரவால்லன்னு இருக்கறவங்களுக்கு இது ஓகே.

ஹாஸ்பிட்டாலிட்டி பேக்கேஜ் பத்தி நெறைய பேச ஒண்ணும் இல்ல. ஆன் லொகேஷன்னு ஒரு கம்பெனிதான் அதிகாரபூர்வமா விக்குது, சாப்பாடு நல்ல சீட் எல்லாம் சேர்த்து, பாதுகாப்பு முழுசா இருக்கு, விலை நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்ல. உள்ளூர் டிராவல்ஸ்காரர் தான் ஏஜென்ட்னு சொன்னா அங்கீகாரம் உண்டான்னு அந்தக் கம்பெனிகிட்டயே கேட்டுக்கோங்க. ஃபிஃபாவோட டிஜிட்டல் கலெக்ஷன் சைட்டான ஃபிஃபா கலெக்ட்ல விக்கற டோக்கன் வேற கதை, அது டிக்கெட் கிடையாது, டிக்கெட் வாங்கற உரிமை, அதுக்கு ஒரு காசு, அப்புறம் டிக்கெட்டுக்குத் தனிக் காசு. வேணாம்.

கடைசி இடம் வாட்ஸ்அப் குரூப், ஃபேஸ்புக், தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர். இதுலதான் நம்ம ஆளுங்க அதிகம் ஏமாறுவாங்கன்னு பயமா இருக்கு, ஏன்னா பேசறது தமிழ்ல, அண்ணான்னு கூப்பிடறாங்க, ஊர்ப் பேர் சொல்றாங்க. மெசேஜ் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "அண்ணா, ஃபேமிலி எமர்ஜென்சி, போக முடியல, 2 டிக்கெட் வாங்கின விலைக்கே தர்றேன், இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, நீங்க ஜெல்ல போட்டு விட்டா உடனே அனுப்பறேன்." ஜெல்னா (Zelle) அமெரிக்காவுல நம்ம ஜிபே மாதிரி காசு அனுப்பற வசதி. கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஸ்க்ரீன்ஷாட்டை வச்சு உள்ள போக முடியாது, டிக்கெட் முழுக்க மொபைல் ஆப்லதான். ஜெல், ஜிபே மாதிரி நீங்களே அனுப்பின காசு பெரும்பாலும் திரும்பாது, கிரெடிட் கார்டுன்னா பேங்க்ல சண்டை போடவாவது வழி உண்டு. இன்னொண்ணு கவனிங்க, ஒரு வீட்டுக்கு ஒரு மேட்சுக்கு 4 டிக்கெட்தான் ஃபிஃபா விக்குது, அதனால ஒரே மேட்சுக்கு எங்கிட்ட 10 இருக்குன்னு ஒருத்தர் சொன்னா அது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. சொந்த அத்தை பையன் விக்கறாருன்னாலும், உங்க ஃபிஃபா அக்கவுண்டுக்கு டிக்கெட் வந்து சேர்ந்தப்புறம் காசு கொடுங்க, இல்ல அவரையே ஃபிஃபா ரீசேல்ல போடச் சொல்லி அங்கேயே வாங்கிக்கோங்க. கமிஷன் போகுதேன்னு சங்கடப்படுவாரு, படட்டும்.

இந்தியா, இலங்கைல இருந்து போறவங்களுக்கு இதெல்லாத்தையும் விட முக்கியமானது விசா. டிக்கெட் இருந்தா விசா நிச்சயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃபிஃபா பாஸ்னு ஒண்ணு 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க, ஃபிஃபாகிட்ட நேரடியா டிக்கெட் வாங்கினவங்களுக்கு அமெரிக்க விசா இண்டர்வியூ தேதி சீக்கிரம் கிடைக்க வழி பண்றது, அவ்ளோதான், விசா தர்றதும் மறுக்கறதும் தூதரகம்தான். வெளி சைட்ல வாங்கினா அந்த வசதிய நம்பி இருக்காதீங்க. ஏற்கனவே அமெரிக்க விசா கையில இருக்கறவங்க தாராளமா வாங்கலாம், இல்லாதவங்க முதல்ல இண்டர்வியூ தேதி என்ன நிலைமைன்னு பாத்துட்டு அப்புறம் கார்டை எடுங்க. கனடா மேட்சுன்னா கனடா விசா தனி, மெக்சிகோ விதியும் தனி.

அங்கேயே இருக்கறவங்க அவசரப்படவே வேணாம்னு சொல்வேன். 2025 கிளப் வேர்ல்ட் கப்ல செல்சி ஃப்ளூமினென்ஸே செமிஃபைனல், இதே நியூஜெர்சி ஸ்டேடியம், 473.90 டாலர் இருந்த டிக்கெட்டை சீட் நிரம்பாததால ஃபிஃபாவே 13.40க்கு இறக்கி வித்துச்சு. உலகக்கோப்பைல அவ்ளோ இறங்கும்னு எதிர்பாக்க முடியாது, பெரிய டீம் ஆடற மேட்ச் இறங்கவே இறங்காம போகலாம், ஆனா பேர் தெரியாத ரெண்டு டீம் மோதற லீக் மேட்சுக்கு கடைசி வாரம் வரைக்கும் ஃபிஃபா சைட்டையும் ரீசேலையும் தினம் ஒரு தடவை திறந்து பாருங்க. ஃப்ளைட் ஏறி வர்றவங்க இந்த விளையாட்டுல இறங்காதீங்க, டிக்கெட் அக்கவுண்டுல வந்து உக்காந்தப்புறம் ஃப்ளைட் போடுங்க.