நஞ்சுக்கொடி பேத்தாலஜி டெஸ்ட் – எங்க அனுபவம்

34வது வாரத்துல எங்க பாப்பா வயித்துக்குள்ளயே போயிட்டா. ஏன்னு யாருக்கும் சொல்லத் தெரியல, அப்போதான் டாக்டரம்மா நஞ்சுக்கொடிய பேத்தாலஜி டெஸ்டுக்கு, அதாவது திசுவ மைக்ரோஸ்கோப்ல பாத்து என்ன கோளாறுன்னு தேடுற டெஸ்டுக்கு, அனுப்பலாமான்னு கேட்டாங்க, இனிமே எதுக்குன்னு தோணுச்சு, ஆனாலும் தலையாட்டிட்டேன். அது எவ்ளோ நல்லதுன்னு இப்போதான் புரியுது.

அந்த டெஸ்ட பண்ணவங்க கர்ப்பகால நோய், குழந்தை நோய் ரெண்டுலயுமே ஆராய்ச்சி பண்ற பேத்தாலஜிஸ்ட். நஞ்சுக்கொடிய ஃபார்மலின்ல (திசு கெடாம வைக்கிற திரவம்) ஊற வச்சு, எடை போட்டு, துண்டு போட்டு, மெழுகுல பதிச்சு, 4 மைக்ரான் கனத்துல சீவி, சாயம் ஏத்திப் பாப்பாங்களாம். எங்களையே உக்கார வச்சு மைக்ரோஸ்கோப்ப காட்டுனாங்க. நல்லா இருக்குற எடத்துல விரல் விரலா வில்லஸ் (நஞ்சுக்கொடியோட குட்டிக் கிளைகள்), உள்ள செல்லோட கருக்கள் ஊதா புள்ளிகளா, சுத்தி அம்மா ரத்தம் ஓட எடம். அப்படியே ஸ்லைட நகத்துனா எல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டி நசுங்கி வெறும் ரோஸ் கலர், ஒரு புள்ளி கூட இல்ல. அதான் இன்ஃபார்க்ட், ரத்தம் வராம செத்த பகுதி, எங்களோடதுல அது நெறய. "நீங்க சாப்பிட்டதாலயோ வேலை செஞ்சதாலயோ இது வரலம்மா"ன்னு அவங்க சொன்னப்போதான் நான் வாய்விட்டு அழுதேன்.

குறைன்னா ரிப்போர்ட் வர 6 வாரம் ஆச்சு, அதுவும் ஒரு வரி புரியல, கூப்பிட்டு விளக்குனதாலதான் தப்பிச்சோம். எல்லாருக்கும் காரணம் கிடைக்கும்னும் இல்ல. மரபணு டெஸ்டும் வேணும்னா ஃபார்மலின்ல போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அதுக்கு ஃப்ரெஷ்ஷான திசு வேணும்.

அடுத்த கர்ப்பத்துல 12வது வாரமே ஆஸ்பிரின் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சாங்க, ரத்த ஓட்டத்த பாக்குற டாப்ளர் ஸ்கேனும் அடிக்கடி. அந்த ரிப்போர்ட்ட வச்சுதான்.