இயந்திரத்தில் நெளியும் ராகம்: இந்த மாதம் கேட்ட மின்னணு இசை

கடந்த ஒரு மாதத்தில் புதிதாகக் கேட்டவற்றுள் என்னை மீண்டும் மீண்டும் இழுத்தது, இந்திய இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு. ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாளக் கருவி, தாழ்ந்த சுருதிகளை ஒலிக்கும் டிபி-303 பேஸ் கருவி, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் ஜூபிடர்-8 சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு, சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதற்கு வியக்கத்தக்க அளவு நெருங்கிய ஒலியை அவர் எட்டியிருக்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி டிபி-303-இல் இருப்பதால், இந்துஸ்தானி பைரவியின் நெளிவுகள் அதிலும் உயிரோடு ஒலிக்கின்றன. ஆயினும் தாளத்தில் மாற்றம் குறைவு என்பதால், பத்தையும் ஒரே அமர்வில் கேட்பது எனக்குச் சற்று அலுப்பூட்டியது. இரண்டிரண்டாகக் கேட்பதே சிறந்தது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-இல் ஒலிநாடாக்களைக் கொண்டு உருவாக்கிய இசை வேறு வகை விந்தை: ஒரே பேச்சுத் துண்டு பதிவான இரு நாடாக்கள் மெல்ல விலகிச் செல்ல, சொற்கள் பொருளிழந்து தாளமாகின்றன. முதல் முறை கேட்கையில் பொறுமை தேவைப்படும்.

அமெரிக்காவின் பெல் தொலைதொடர்பு ஆய்வகக் கணினியில் இசையமைப்பாளர் லாரி ஸ்பீகல் இயற்றி 1980-இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்புத் தடத்தை, ஏறத்தாழ 28 நிமிடங்கள் நீண்டாலும், இரவில் ஹெட்போனில் முழுமையாகக் கேளுங்கள்.